"நான் மறக்கல அங்கிள், அம்மா வைக்கல": பெங்களூரு ஸ்கூல் காலைகள், கண்ணில் பட்டதை எழுதுங்க

பெல்லந்தூர்வாசி:
ஏழு மணி வேன், அபார்ட்மென்ட் கேட். மூணாவது படிக்கிற பையன் ஏறும்போதுதான் கன்னட நோட்டு இல்லைன்னு பார்க்கிறான். டிரைவர் சும்மா கேட்டார், "ஏன்ப்பா, மறந்துட்டியா?" பையன் நிதானமா சொன்னான்: "நான் மறக்கல அங்கிள், அம்மா வைக்கல."

அவன் சாக்கு சொல்லல. பை அடுக்கறது அம்மா வேலைன்னா மறக்கறதும் அம்மா கணக்குலதானே வரும்? இதுதான் மண்டையிலயே நிக்குது.

பையை ஒப்படைக்கணும்னா முழுசா ஒப்படைக்கணும். டைம்டேபிள் அவன் கண் உயரத்துல, புத்தக அலமாரிக் கதவுக்கு உள்பக்கம். நேரம், ஹோம்வொர்க் முடிஞ்ச கையோட, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி. சாப்பிட்ட பிறகுன்னா தூக்கத்துல ரெண்டு நோட்டு விட்டுப்போகும். பையை முதல்ல தரையில கவுத்துடணும். இருக்கறதோட மேல மேல சேர்த்தா போன வாரத்து நோட்டெல்லாம் அடியிலேயே தங்கிடும். அப்புறம் அவன் பீரியட் பேரை வாசிச்சு வாசிச்சு எடுத்து வைக்கணும், பெரியவங்க காதால கேட்டா போதும். டைரியைத் திறந்து நாளைக்கு வேற ஏதாவது கேட்டிருக்காங்களான்னு பார்க்கறதும் அவன்தான். முதல் ரெண்டு வாரம் பக்கத்துல உட்காருங்க, அடுத்த ரெண்டு வாரம் கடைசியில ஒரு பார்வை, பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

எங்க கெட்டுப்போகுதுன்னா, பிள்ளை தூங்கின பிறகு நாமே போய் விட்டுப்போன நோட்டைச் சொருகி வைக்கறோம் பாருங்க, அங்கதான். காலையில பை சரியா இருக்கும், தான் அடுக்கினதே சரின்னு நினைச்சுக்குவான். ஒரு வருஷம் ஆனாலும் கத்துக்க வழியே இல்ல.

கோரமங்களா டீச்சர்:
பை இருக்கட்டும். யூகேஜி சாப்பாட்டு மணி அடித்ததும் என்ன நடக்கும் தெரியுமா? டப்பாவைத் தூக்கிக்கொண்டு பாதி வகுப்பு டீச்சர் முன்னால் வரிசை கட்டும், மூடி திறக்கவில்லை என்று. ஒரு பெண் குழந்தை வரிசைக்கே வரவில்லை. மூடிய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்படியே வீட்டுக்குத் திரும்பப் போயிருந்தால் "சாப்பாடு பிடிக்கலை போல" என்று மறுநாள் நூடுல்ஸ் வந்திருக்கும்.

காரணம் சின்னது. சூடான சாதத்தைப் போட்டு உடனே மூடினால் உள்ளே இருக்கிற ஆவி ஆறும்போது சுருங்கி மூடியை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் வாஷர் வைத்த மூடி என்றால் பெரியவர்களுக்கே கை வலிக்கும். பத்து நிமிடம் திறந்து வைத்துப் பிறகு மூடுங்கள். சப்பாத்திக்கும் இதுதான். சூட்டோடு அடைத்தால் வியர்த்துக் கீழ்ச் சப்பாத்தி கூழாகிவிடும். வாஷரை வாரம் இருமுறையாவது கழற்றிக் கழுவுங்கள், நாற்றம் அதற்குள்தான் இருக்கும்.

ஞாயிறு மதியம் வீட்டில் அதே டப்பா, அதே ஸ்பூன், 20 நிமிடம் என்று வைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் எவ்வளவு உள்ளே போகிறதோ அதுதான் அளவு. தயிர்சாதத்துக்குச் சாதத்தைக் குழைத்து, வெதுவெதுப்பான பால் விட்டு, ஒரு ஸ்பூன் தயிர். ஏப்ரலில் மதியத்துக்குச் சரியாக இருக்கும். டிசம்பர் பெங்களூருக்கு ஒரு ஸ்பூன் போதாது, இரண்டு போடுங்கள், இல்லாவிட்டால் மதியம் பால்சாதமாகவே இருக்கும்.

எச்எஸ்ஆர்_லேஅவுட்:
பெல்லந்தூர் சார் சொல்றது படிக்க நல்லாருக்கு. ஆனா காலைக் கூச்சலுக்குக் காரணம் பை இல்ல, நேரம். லிஃப்ட்ல ஒருத்தர் ஒரு கையில ஷூ, ஒரு கையில தோசை, தோள்ல பை, காதுல ஆபீஸ் கால்னு வந்தார். பொண்ணு சுவத்துல சாய்ஞ்சு தூங்குது. அது சோம்பேறித்தனமா? ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்த குழந்தை.

6 முதல் 12 வயசு வரைக்கும் 9லிருந்து 12 மணி நேரம் தூக்கம் வேணும்னுதான் டாக்டருங்க சொல்றாங்க. ஆறு மணிக்கு எழுப்பணும்னா ஒன்பதுக்கு லைட் அணையணும், அதுவே குறைஞ்சபட்சக் கணக்குதான். ரிங் ரோடு டிராஃபிக்கைத் தாண்டி அப்பா எட்டரைக்கு வந்து, அதுக்கப்புறம் குதிரை சவாரி விளையாடினா ஒன்பதுக்கு யாரு தூங்குவா? விளையாட்டைக் காலை நடைக்கோ சனிக்கிழமைக்கோ மாத்துங்க.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்க. வேன் 7:05ன்னா கேட்ல 7:00. அந்த நேரத்துல லிஃப்ட் மாடிக்கு மாடி நிக்கும், உயரமான பிளாக்னா அதுக்கே 7 நிமிஷம் விடுங்க. அப்போ கதவைத் தாண்டறது 6:53. ஷூ, சாக்ஸ், ஐடி கார்டு 6:50க்கு, வீட்டுக்குள்ளயே, உட்கார்ந்து. சாப்பிட 20 நிமிஷம். 6:30க்குத் தட்டு. பல்லு, குளியல், உடுப்பு 25 நிமிஷம். மிச்சம் 5 நிமிஷம் முழிச்சு உட்கார.

ரெண்டு பிள்ளைங்கன்னா கீசரையும் கணக்குல எடுங்க. 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் காலி ஆச்சுன்னா மறுபடி சூடாக 20 நிமிஷம். பக்கெட்ல கலந்து குளிச்சா ரெண்டு பேருக்கும் வரும். ஷவர்னா முதல் ஆளோட சரி. பெரியவன் ராத்திரியே குளிச்சுட்டா இந்தப் பிரச்சினையே கிடையாது.

அலாரம் தனி கடிகாரத்துல, கட்டில்லருந்து எட்டாத இடத்துல. அது அடிச்சதும் நீங்க கூப்பிடக் கூடாது. நீங்க கூப்பிடுவீங்கன்னு தெரிஞ்சா அலாரம் அவங்க காதுலயே விழாது. அப்புறம் பல்லு தேய், சட்டை போடுன்னு ஒவ்வொண்ணுக்கும் குரல் கொடுக்கறதை விட்டுட்டு, "அடுத்து என்ன?"ன்னு ஒரே கேள்வி போதும்.

அல்சூர்_அக்கா:
எச்எஸ்ஆர், உங்க கணக்கெல்லாம் சரி, அதுல அம்மா எழுந்திரிக்கிற நேரம் எங்க? நாலே முக்காலா? அப்பாவுக்கு ஒரு வேலையாவது அந்த அட்டவணையில எழுதுங்க.

எனக்குக் கண்ணை உறுத்தினது ஸ்கூல் ஆபீஸ் வாசல் மேசை. காலை ஒன்பதரைக்கு டிராயிங் நோட்டு, கேன்வாஸ் ஷூ, ப்ராஜெக்ட் சார்ட், எல்லாம் பைக் டெலிவரியில வந்து குவிஞ்சிருக்கு. செக்யூரிட்டி ஒவ்வொண்ணுலயும் ஸ்கெட்ச் பேனாவால வகுப்பு எழுதிட்டிருக்கார். போன் பண்ணினா வரும்னு பிள்ளைங்களுக்குத் தெரியும்.

கண்ணாடி, இன்ஹேலர், மருந்து, சாப்பாடு: இதுக்கு யோசிக்காம ஓடுங்க, பாடம் புகட்டற இடம் இது இல்ல. நோட்டு, ஷூ, சார்ட் போக வேண்டாம். ஆனா ஒண்ணாவது ரெண்டாவது பிள்ளைங்ககிட்ட இதைச் செய்யாதீங்க, அவங்களுக்கு ஞாபகப்படுத்தத்தான் வேணும். மூணாவதுலருந்து சரி. "இனிமே இவனே பை அடுக்கறான், மறந்தா அவனையே கேளுங்க"ன்னு டைரியில டீச்சருக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதிடுங்க. இல்லைன்னா திட்டு நமக்கு வரும்.

ராத்திரி ஒன்பதரைக்கு "நாளைக்கு சார்ட் வேணும்"னு வரும்ல, அதுக்கு ஒரு டப்பா: சார்ட் பேப்பர் நாலு, பிரவுன் ஷீட், பசை, ஏ4 தாள், பாஸ்போர்ட் போட்டோ நாலு. தீர்ந்தா எழுதி வைக்கறது எடுத்த ஆள் பொறுப்பு.

மாரத்தஹள்ளி_99:
பையைக் கவுக்கச் சொன்னது ரொம்ப சரி. 2019ல கர்நாடக அரசு போட்ட உத்தரவுப்படி ஒண்ணு, ரெண்டாவதுக்கு அதிகபட்சம் 2 கிலோ, மூணுலருந்து அஞ்சு வரை 3 கிலோ. பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசுல மாட்டிப் பாருங்க. நிறைய வீட்டுல எடை புத்தகத்துல இல்ல, பாட்டில்ல. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, ஸ்டீல் பாட்டில் எடை தனி. ஸ்கூல்ல ஃபில்டர் தண்ணி இருந்தா பாதி நிரப்பி அனுப்புங்க. பாட்டிலை வெளிப்பக்க வலைப்பையில வைங்க, உள்ள ஒழுகினா நோட்டெல்லாம் போச்சு.

கோரமங்களா டீச்சர்:
ஷூ லேஸ் பற்றி யாரும் எழுதவில்லையே. யூகேஜி வரை வெல்க்ரோ போதும். ஆறு வயதில் ஆரம்பியுங்கள், அதுவும் பள்ளி நாள் காலையில் அல்ல. எதிரே உட்கார்ந்து காட்டினால் இடது வலது மாறிவிடும், பக்கத்தில் உட்காருங்கள். கடைசிப் படியிலிருந்து தொடங்க வேண்டும். எல்லாம் நீங்கள் கட்டி, லேஸின் இரண்டு வளையத்தையும் பிடித்து இழுப்பதை மட்டும் குழந்தைக்கு விடுங்கள். அது வந்ததும் அதற்கு முந்தைய படி. ஒவ்வொரு முறையும் முடிச்சைப் போட்டு முடிப்பது குழந்தையாகவே இருக்கும், அதனால் பாதியில் விட்டு ஓடாது. இடதுக்கு ஒரு நிறம், வலதுக்கு ஒரு நிறம் லேஸ் கோத்தால் எது எதன் மேல் போகிறது என்று தெரியும். வழவழப்பான உருண்டை லேஸ் மதியத்துக்குள் அவிழ்ந்துவிடும், தட்டையான பருத்தி லேஸ் வாங்குங்கள்.