அமெரிக்க மாநிலங்களின் தண்டனை நிர்ணய முறை: தகவல் உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். வாஷிங்டன் மாநில வழக்கொன்றில் குற்றவாளி ஒப்புக்கொண்ட உண்மைகளின்படி அதிகபட்சம் 53 மாதங்களே விதிக்க இயலும் என்ற நிலையில், ‘திட்டமிட்ட கொடூரம்’ எனத் தாமாகவே முடிவுசெய்து நீதிபதி விதித்த 90 மாதச் சிறைத்தண்டனை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2004-இல் பிளேக்லி வழக்கில் தீர்ப்பளித்தது. தண்டனையை வரம்புக்கு மேல் கூட்டும் உண்மைகளை நீதிபதி அல்ல, ஜூரியே (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் நடுவர் குழு) முடிவுசெய்ய வேண்டும் என்ற இதே கோட்பாட்டால் 2007-இல் தன் தண்டனைச் சட்டம் அடிபட்ட கலிஃபோர்னியா, அத்தகைய உண்மை எதையும் கண்டறியாமலே கூடிய தண்டனையைத் தேர்ந்தெடுக்கலாம் என முதலில் நீதிபதியின் விருப்புரிமையை விரிவாக்கித் தப்பித்துக்கொண்டது (சாமர்த்தியமான வழிதான்). 2022 முதலே, தண்டனையைக் கூட்டும் காரணங்களை, அவற்றைக் குற்றவாளி ஒப்புக்கொள்ளாதபோது, விசாரணையில் ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்க வேண்டும் என்றாக்கியது. குற்றம் உறுதியான பின், அதே ஜூரியைக் கொண்டு இக்காரணங்களைத் தனியே விசாரிக்கும் மாநிலங்களின் நடைமுறை விதிகளும், ஜூரிக்கு வழங்கப்படும் அறிவுறுத்தல்களின் மாதிரிகளும் எனக்குத் தேவைப்படுகின்றன. குற்றவாளியின் முந்தைய குற்றத்தீர்ப்புகளை மட்டும் ஜூரி முடிவுசெய்யத் தேவையில்லை என்ற விதிவிலக்கை மாநில நீதிமன்றங்கள் எதுவரை நீட்டுகின்றன என்பதையும் அறிந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.