ஜெர்ஸி மேல் இத்தனை ஆசை தேவையா?

குமரன், சாட்ஸ்வர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா):
எந்தக் கால்பந்து ஆட்டமானாலும் என் கண் முதலில் போவது ஜெர்ஸிக்குத்தான். நம் நாட்டுக் கிளப்புகளில் கைசர் சீஃப்ஸின் தங்க நிறமும் கறுப்பும், ஓர்லாண்டோ பைரட்ஸின் மண்டையோடு, சன்டவுன்ஸின் மஞ்சள். சன்டவுன்ஸ் அந்த மஞ்சளைப் பிரேசிலைப் பார்த்து எடுத்தது. ஆனால் பிரேசிலுக்கே மஞ்சள் பின்னால் வந்ததுதான். 1950 உலகக் கோப்பையில் மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் தோற்றபோது அவர்கள் அணிந்திருந்தது வெள்ளை. அந்தத் தோல்வி ஆறாமல், 1953இல் ஒரு நாளிதழ் மூலம் போட்டி வைத்து, அல்திர் கார்சியா ஷ்லீ என்ற இளைஞர் வரைந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு தேசத்தின் துக்கத்திலிருந்து பிறந்த சட்டை அது. இதை வெறும் துணி என்று எப்படிச் சொல்வது?

முருகன், மெரீபேங்க்:
தம்பி, கதை அழகாக இருக்கிறது. ஆனால் நான் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவன். ஆட்ட விதி கேட்பது ஒன்றுதான்: இரு அணிகளின் நிறமும் ஒன்றோடொன்று குழம்பக் கூடாது, நடுவரின் நிறத்தோடும் குழம்பக் கூடாது. அதற்கு மேல் எல்லாம் வியாபாரம். வருஷா வருஷம் உள்ளூர் ஆட்டத்துக்கு ஒரு ஜெர்ஸி, வெளியூர் ஆட்டத்துக்கு ஒன்று, மூன்றாவதாக இன்னொன்று. பையன் அழுகிறான், அம்மா கடன் வாங்கி வாங்கிக் கொடுக்கிறாள். அந்தக் காசில் அவனுக்கு நல்ல பூட்ஸ் வந்திருக்கும்.

குமரன்:
விலை விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம், அண்ணா. ஆனால் நிறம் ஆட்டத்தையே பாதிக்கும். 1996 ஏப்ரலில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில், அந்த ஊர் அணிக்கு எதிராக மான்செஸ்டர் யுனைடெட் சாம்பல் நிறத்தில் இறங்கியது. இடைவேளைக்குள் 3-0 என்று பின்தங்கிவிட்டது. கூட்டத்தின் பின்னணியில் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியவில்லை என்றார்கள். நீல-வெள்ளைக்கு மாறி வந்தார்கள், கடைசியில் 3-1 தோல்வி.

முருகன்:
சரி, சவுத்தாம்ப்டன் நன்றாக ஆடியதற்கு மதிப்பே இல்லையா? தோற்றவன் சொன்ன காரணத்தை அப்படியே நம்புகிறாயே.

வள்ளி, ஃபீனிக்ஸ்:
இரண்டு பேரும் ரசிகரை விட்டுவிட்டீர்கள். வேல்ஸில் இருக்கும் கார்டிஃப் சிட்டி கிளப்பைப் பாருங்கள். காலங்காலமாக நீலம். 2012இல் உரிமையாளர் வின்சென்ட் டான் சிவப்பாக்கினார். சிவப்பில்தான் 2013இல் இங்கிலாந்தின் உச்ச லீக்கான பிரீமியர் லீக்குக்கே ஏறினார்கள். அப்படியிருந்தும் ரசிகர்கள் விடவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது. வெற்றி வேண்டும், ஆனால் எங்கள் நிறத்தில் வேண்டும் என்று நின்றார்கள். அந்தப் பிடிவாதத்தை எந்தக் கம்பெனியும் விற்க முடியாது, அண்ணா.

முருகன்:
தங்கச்சி, நீயே சொல்லிவிட்டாய், சிவப்பிலும் ஜெயித்தார்கள். அப்புறம் நிறம் எங்கே ஆடியது?

வள்ளி:
நிறம் ஆடவில்லை, நிறத்துக்காக மனிதர்கள் ஒன்று சேர்ந்தார்கள். 1996 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியாட்டத்தில் மண்டேலா நம் கேப்டன் நீல் டோவியின் 9ஆம் எண் ஜெர்ஸியைப் போட்டுக்கொண்டு வந்தாரே, அன்று கோட்டுப் போட்டு வந்திருந்தால் நாட்டுக்கு அதே செய்தி போயிருக்குமா? அன்று துனிசியாவை 2-0 என்று ஜெயித்தோம். இரண்டு கோலும் மார்க் வில்லியம்ஸ்.

முருகன்:
அதை மறுக்கவே மாட்டேன். அன்று அந்தச் சட்டையை உயர்த்தியது அதை அணிந்த மனிதர். கடையில் தொங்குகிறதற்கும் அதற்கும் ஒன்றுமில்லை.
நம் ஊரையே எடுங்கள். மேனிங் ரேஞ்சர்ஸ் 1928இல் தொடங்கிய கிளப், 1996-97இல் நம் நாட்டு பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் சாம்பியன். நம் சாட்ஸ்வர்த் ஆட்கள் வளர்த்தது. பத்து வருஷத்துக்குள் விற்கப்பட்டு, பெயர் போய், ஊரும் மாறிப் போனது. ஜெர்ஸியை நேசித்தவர்கள் இங்கே நிறையப் பேர். அந்த அன்பு கிளப்பைக் காப்பாற்றியதா? மைதானத்துக்கு வந்து டிக்கெட் எடுத்திருக்க வேண்டும், பிள்ளைகள் அணிக்குக் காசு போட்டிருக்க வேண்டும்.

குமரன்:
அந்தக் கிளப் இன்று லீக்கில் இல்லை. இப்போது வளரும் பையனுக்கு அது இருந்தது என்று காட்ட என்ன மிச்சம்? பழைய படங்களும், சில வீட்டு அலமாரிகளில் இருக்கும் அந்த ஜெர்ஸிகளும்தான். அவற்றைக் குப்பையில் போடாமல் சேர்த்து, எந்த ஆண்டு, யார் அணிந்தது என்று எழுதி வைக்க வேண்டும். நான் அந்த வேலையைத்தான் செய்ய நினைக்கிறேன்.

முருகன்:
எழுதி வை, தம்பி, நல்ல காரியம். புதுசாக வருகிற மூன்றாவது ஜெர்ஸிக்கு மட்டும் என்னிடம் ஆதரவு கேட்காதே. சனிக்கிழமை காலை பயிற்சி இருக்கிறது, பந்து போதவில்லை. வர முடிந்தால் ஒன்று கொண்டு வா.