இத்தாலியின் மொன்ஸா பந்தயத் தடத்தில் சரிவு வளைவு (வெளிப்பக்கம் உயர்த்திச் சாய்வாகக் கட்டிய வளைவு) ஏன் கைவிடப்பட்டது?

வேகத்தடை:
1961 இத்தாலிய கிராண்ட் பிரீயில் ஃபெராரி ஓட்டுநர் வொல்ஃப்காங் ஃபொன் டிரிப்ஸும் பார்வையாளர்கள் 15 பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகு மொன்ஸாவின் சரிவு வளைவில் ஃபார்முலா ஒன் பந்தயமே நடக்கவில்லை. வேறு காரணம் எதற்கு?

பழைய கார்புரேட்டர்:
விபத்து எங்கே நடந்ததுன்னு பாருங்க சார். சாலைத் தடத்தின் கடைசி வளைவான பரபோலிகாவுக்கு முன்னால், நேர்ச்சாலையில், இரண்டாவது சுற்றில். ஜிம் கிளார்க்கின் லோட்டஸோடு உரசிய ஃபெராரி, மேட்டில் ஏறி வேலியோரம் நின்றவர்கள்மேல் பாய்ந்தது. சரிவை விட்டுவிட்டு 5.75 கி.மீ. சாலைத் தடத்தில் மட்டும் ஓட்டினாலும் அதே இடத்தைக் கடந்துதான் ஆகணும்.

சரிவின் பிரச்சினையே வேறு. ஆரம் சுமார் 320 மீட்டர், மேல்விளிம்பில் சரிவு 80 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 39 டிகிரி. அங்கே மணிக்கு 180 கி.மீ.யில் போனால் டயருக்குப் பக்கவாட்டு வேலையே இல்லை. 280இல் போனால் காரின் எடை இரண்டு மடங்காகத் தடத்தை அழுத்தும். சஸ்பென்ஷன் அடிவரை அமுங்கிவிடும். அப்புறம் கான்கிரீட்டின் ஒவ்வொரு மேடுபள்ளமும் டயரையும் ஸ்டியரிங் பாகங்களையும் நேராகத் தாக்கும். 1955இல், இந்தச் சரிவு கட்டி முடித்த அதே வருஷம், பயிற்சியில் ஃபரீனாவின் லான்சியா டி50க்கு டயர் வெடித்தது. அந்தக் கார்களைப் பந்தயத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். 1956இல் முன்னணியில் இருந்த முஸ்ஸோவின் ஃபெராரிக்கு, முடிய மூன்று சுற்று இருக்கும்போது ஸ்டியரிங் உடைந்தது.

வேகத்தடை:
அவ்வளவு மோசம் என்றால் 1960இல் மறுபடி ஏன் சரிவும் சாலையும் சேர்ந்த அதே 10 கி.மீ. தடம்?

நான்காம் கியர்:
ஃபெராரிக்காக, வேறென்ன! அப்போது பின்னால் எஞ்சின் வைத்த கூப்பரும் லோட்டஸும் வளைவுகளில் ஃபெராரியை ஓரங்கட்டிக்கொண்டிருந்தன. ஃபெராரியிடம் மிச்சம் இருந்தது எஞ்சின் பலம்தான். அதற்கு நீளமான வேகத் தடம் வேண்டும். கூப்பர், லோட்டஸ், பி.ஆர்.எம். அணிகள் வர மறுத்தன. முதல் மூன்று இடமும் ஃபெராரிக்கு. இதில் பாதுகாப்பு எங்கே வந்தது?

பழைய கார்புரேட்டர்:
1963ஐ யாரும் பேசமாட்டேங்கிறீங்க. விபத்துக்கு இரண்டு வருஷம் கழித்தும் முழுத் தடத்தில்தான் நடத்தப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை பயிற்சியில் சரிவு கார்களைப் படுத்திய பாட்டில் பாப் ஆண்டர்சனின் லோலா சக்கரத்தையே இழந்தது. உடனே சாலைத் தடத்துக்கு மாற்றினார்கள். விபத்துதான் காரணம்னா, அந்த வெள்ளிக்கிழமைக்கு வேலையே இல்லையே.

வேகத்தடை:
பாதியை விழுங்கிவிட்டீர்கள். அதே பயிற்சியில், பார்வையாளர் பாதுகாப்பு போதாது என்று போலீஸும் தடுத்தது. 1961 நடக்காமல் இருந்திருந்தால் போலீஸ் அதில் தலையிட்டிருக்குமா? இன்னொன்று: 1965 முதல் 1969 வரை 1000 கி.மீ. ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம் அதே சரிவில் ஓடியது. தடம் ஓட்ட லாயக்கில்லை என்றால் அவை எப்படி ஓடின?

பழைய கார்புரேட்டர்:
1966இல் இருந்து சரிவின் நுழைவாயிலில் சிக்கேன் (வேகத்தைக் குறைக்க வைக்கும் குறுகிய நெளிவு) போட்டுத்தான் ஓட்டினார்கள். வேகம் 200க்கு இறங்கினால் அழுத்தம் 1.4 மடங்குதான். வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் சமாச்சாரம் இது.

வேகத்தடை:
அப்போ ஃபார்முலா ஒன்னுக்கும் சிக்கேன் வைத்திருக்கலாமே? 1972இல் சாலைத் தடத்துக்கே வைத்தார்களே!

நான்காம் கியர்:
வைத்தால் வேகம் போய்விடும், அப்புறம் சரிவு எதற்குங்க? வேகத்துக்குக்கூட அது தேவைப்படவில்லையே. 1971இல் சரிவே இல்லாமல் பீட்டர் கெதின் சராசரி 242 கி.மீ. வேகத்தில் ஜெயித்தார். 1961இல் ஃபில் ஹில் சரிவோடு ஜெயித்தது 209இல்.