புளி உலுக்க ஏறுகிறவர்கள் விழாமல் இருக்க என்ன வழி?

பென்னாகரத்தான்:
தை பிறந்தால் நாங்கள் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுப்போம். போன மாசியில் என் மச்சான் விழுந்துவிட்டார். 12 அடிதான் இருக்கும். ஆளுக்கொரு கை, கால் பிடித்துத் தூக்கி, குட்டியானை வண்டியில் போட்டுக்கொண்டு ஓடினோம். இடுப்புக்குக் கீழே இன்றுவரை உணர்ச்சி இல்லை. "கீழே கிடந்தப்போ கால் அசைஞ்சுதே" என்று அக்கா இப்போதும் சொல்கிறாள். எனக்குத் தூக்கமே வருவதில்லை. இந்த வருடம் 7 பேர் ஏறுகிறார்கள். பெல்ட் வாங்கினால் போதுமா?

மலைரோடு 108:
கிருஷ்ணகிரி பக்கம் ஆம்புலன்ஸில் இருக்கிறேன். உங்கள் மச்சானுக்கு எதனால் ஆனது என்று இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது, அதைச் சுமக்காதீர்கள் அண்ணா. இனிமேல் யார் விழுந்தாலும் உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். ஒருவர் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும், ஒருவர் 108-க்குப் பேசட்டும், ஒருவர் ரோட்டில் போய் நிற்கட்டும். தோப்புக்குள் வழி தேடியே எங்களுக்கு நேரம் போய்விடும். நகர்த்தியே ஆகவேண்டும் என்றால் நாலு பேர் சேர்ந்து, தலை, முதுகு, கால் ஒரே நேராகப் புரட்டிப் பலகையில் கிடத்துங்கள்.

அரூர் தோப்புக்காரன்:
இடுப்பு பெல்ட் மட்டும் வேண்டாம், தொங்கினால் அதுவே வயிற்றை அறுக்கும். தோள், தொடை எல்லாம் சேர்த்துப் பிடிக்கிற பெல்ட் வாங்குங்கள். கயிறு இரண்டு வேண்டும்: கிளை மாறும்போது ஒன்றை மாட்டிவிட்டுத்தான் மற்றதைக் கழற்றணும். பனி ஈரம் காயாமல் ஏற விடாதீர்கள். ஆனால் ஒன்று, மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் எவனும் பெல்ட் மாட்டமாட்டான். எங்கள் ஆட்களும் மரத்தடியில் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறினார்கள். நாள் கூலி ஆக்கிய பிறகுதான் மாட்டினார்கள்.

வாசகி:
விழுந்து சாகிறவர்கள் உலகத்தில் வருடத்துக்கு 6,84,000 பேர், அதில் 80 சதவீதத்துக்கு மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே அரசு இலவசமாகச் சிகிச்சை தருகிற 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்துக்குத்தான். தென்னை ஏறுகிறவர்களுக்குத் தென்னை வாரியத்தின் 'கேரா சுரக்ஷா' காப்பீடு இருக்கிறது. புளிக்கு ஏறினால்?

பென்னாகரத்தான்:
எல்லோருக்கும் நன்றி. இப்போது அக்காதான் இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள், படுக்கைப்புண் வராமல் இருக்க. ராத்திரியிலும் அலாரம் வைத்துக்கொண்டு. நாள் கூலி என்று நேற்றே ஆட்களிடம் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் வேறு குத்தகைக்காரரிடம் போய்விட்டார்கள். 5 பெல்ட் எங்கே கிடைக்கும், தருமபுரியிலா, சேலத்திலா?