சிக்னல் முழுதாக இருந்தும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, உதவுங்கள்

வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கேபிளை நிறுத்திவிட்டுக் கூரையில் ஆன்டெனா வைத்து டிவி பார்க்கிறோம். செய்தி வாசிப்பவர் முகம் அவ்வளவு தெளிவு. ஆனால் ஃபுட்பால் ஆட்டத்தில் கேமரா வேகமாகத் திரும்பினால் போதும், புல்தரை பச்சைக் குழம்பாகி, வீரர்களின் கால்களைச் சுற்றிக் கட்டம் கட்டமாக உடைகிறது. ஒரு சேனலில் மட்டும்தான் இப்படி. ஞாயிறு ஆட்டத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கும் மகனைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. சிக்னல் அளவு எப்போதும் 95க்கு மேல். படம் உறைவதில்லை, ஒலியும் விட்டுப் போவதில்லை. அதனால் ஆன்டெனா மேல் சந்தேகம் இல்லை.

இங்கே ஒரு 6 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு மொத்தம் 19.39 மெகாபிட்தான் போகும், அதுவும் எம்பெக்-2 என்ற பழைய வீடியோ சுருக்க முறையில். அதற்குள் இந்தச் சேனலோடு இன்னும் ஐந்து துணைச் சேனல்கள் ஓடுகின்றன. யூஎஸ்பியில் ஒரு மணி நேரம் பதிவு செய்தேன், கோப்பு 4.5 ஜிபி. அப்படியென்றால் ஒலியும் சேர்த்து நொடிக்கு 10 மெகாபிட். 1080i என்ற எச்டி தரத்தில் வரும் விளையாட்டுக்கு இது போதவே போதாது என்று நினைக்கிறேன்.

என் கணக்கு சரியா? ஏடிஎஸ்சி 3.0 என்ற புதிய ஒளிபரப்பு முறைக்கான டியூனர் வாங்கினால், அதன் எச்இவிசி என்ற புதிய சுருக்க முறையில் படம் தேறுமா? அதிலும் பல நிலையங்கள் ஒரே அலைவரிசையைப் பகிர்கின்றன, அதுதான் தயக்கம். வாங்கிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.