ஒரே மாடல், ஒரே கடை, வேறு வேறு எல்லை: கிராபிக்ஸ் கார்டு மெமரி ஓவர்கிளாக் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

2016 ஜூலையில் எனக்கொரு ஜிடிஎக்ஸ் 1070 கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். அக்டோபரில் தம்பிக்கும் அதே நிறுவனத்தின் அதே மாடலை அதே கடையில் வாங்கிக் கொடுத்தேன். பெட்டியின் படம் முதல் ஃபேன் இறக்கையின் வளைவு வரை இரண்டுக்கும் ஒரு வேறுபாடும் கிடையாது. என் கார்டின் மெமரியை ஆஃப்டர்பர்னர் என்ற நிரலில் அதன் இயல்பான 4004 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் 550 கூட்டி வைத்து (இப்படி வேகத்தைக் கூட்டுவதுதான் ஓவர்கிளாக்) மூன்று மாதங்களாக ஒரு தடங்கலும் இல்லாமல் ஓட்டியிருந்தேன். 500 கூட்டினாலே நொடிக்கு 256 ஜிகாபைட்டாக இருந்த பேண்ட்வித் (தரவு செல்லும் வேகம்) 288 ஆகிவிடுகிறது என்பதால், காசு செலவில்லாமல் கிடைத்த இந்த லாபத்தைத் தம்பிக்கும் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

அவனுடைய கார்டில் 200 கூட்டியதுமே திரை முழுவதும் சதுரங்கப் பலகை போலக் கட்டங்கள் நிரம்பி, அப்படியே உறைந்துபோனது. மறுபடி மறுபடி பார்த்ததில் ஒன்றைக் கவனித்தேன். விளையாட்டின் நடுவில் அது ஒருமுறைகூட விழவில்லை. டெஸ்க்டாப்பில் சும்மா கிடந்துவிட்டு, விளையாட்டைத் திறக்கும் அந்த நொடியில்தான் விழுந்தது. கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் நிரலில் மெமரி வகை என்ற வரியைப் பார்த்தபோது, என்னுடையதில் ஒரு நிறுவனத்தின் சிப்பும் அவனுடையதில் வேறொரு நிறுவனத்தின் சிப்பும் இருப்பது தெரிந்தது.

வேலை இல்லாத நேரத்தில் இந்தக் கார்டின் மெமரி 405 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். வேலை வந்ததும் ஒரே தாவலில் 4000க்கு மேல் ஏறியாக வேண்டும். அந்தத் தாவலின்போது தம்பியின் கார்டில் இருந்த வகைச் சிப்புக்கு வேண்டிய மின்னழுத்தம் உரிய நேரத்தில் கிடைக்காததுதான் சிக்கல் என்று அப்போது பேசப்பட்டது. சில வாரங்களில் தயாரிப்பாளர் வெளியிட்ட பயாஸ் (கார்டுக்குள் பதிந்திருக்கும் கட்டுப்பாட்டு நிரல்) புதுப்பிப்பை ஏற்றியபின், தம்பியின் கார்டு 400 வரை நிலையாக ஓடியது. பயாஸின் குறை வேறு, சிப்பின் எல்லை வேறு என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. ஆனாலும் அந்த 550ஐ அது எட்டவே இல்லை. உங்கள் கார்டுகளில் இத்தகைய வேறுபாட்டைக் கண்டிருந்தால், எண்களோடு எழுதுங்கள்.

மறுமொழி 1

நண்பரே, ஜிபியு-இசட், சிப்பைச் செய்த நிறுவனத்தின் பெயரை மட்டும்தான் சொல்லும். அந்த நிறுவனத்தின் எந்த ரகம் என்பதைச் சொல்லாது. கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு ஈத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டும் மைனிங் நடந்த காலத்தில் என்னிடம் ஆறு ஆர்எக்ஸ் 570 கார்டுகள் இருந்தன. அவற்றில் இரண்டு ஒரே மாடல், இரண்டிலும் சாம்சங் மெமரி. ஆனால் ஒன்று 1750 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2000க்கு அலட்டிக்கொள்ளாமல் ஏறியது, மற்றது 1900ஐத் தாண்டியதும் பிழைகளைக் கொட்டியது. வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்கை இரண்டிலும் கழற்றி, சிப்பின் மேல் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, கைபேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் படித்தேன். நேராக வெளிச்சம் அடித்தால் அந்தச் சாம்பல் நிற எழுத்துகள் கண்ணுக்கே தெரியாது. முதலாவதில் குறியீடு எச்சி25 என்று முடிந்தது, இரண்டாவதில் எச்சி28 என்று முடிந்தது. முன்னது நொடிக்கு 8 ஜிகாபிட்டுக்கு விற்கப்படும் ரகம், பின்னது 7 ஜிகாபிட்டுக்கு. இந்தக் கார்டுக்கு 7 போதும். உற்பத்தி நாளன்று கையிருப்பில் எது இருந்ததோ அதை ஒட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். ஆகவே என் முதல் கார்டு 2000இல் ஓடியதை ஓவர்கிளாக் என்று சொல்வதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தச் சிப் தனக்குரிய வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெகாஹெர்ட்ஸ் மட்டும் வேகம் ஆகாது. பயாஸுக்குள் ஒவ்வொரு கிளாக் வரம்புக்கும் தனித்தனி டைமிங் அட்டவணை (மெமரி ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை கிளாக் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு) உண்டு. என் கார்டில் 2000 வரை ஓர் அட்டவணை, அதற்கு மேல் இன்னும் தளர்வான அடுத்த அட்டவணை. அதனால் 2000இல் கிடைத்த ஹேஷ் ரேட் (மைனிங் வேகம்) 2050இல் குறைந்தது. கிளாக்கை ஏற்றி வேகத்தை இழந்தேன். பிறகு மைனிங் செய்தவர்கள் எல்லோரும் செய்ததையே நானும் செய்தேன். 1500க்கு உரிய இறுக்கமான டைமிங்கை எடுத்து 2000இன் இடத்தில் ஒட்டினேன். அதை எச்சி25 தாங்கியது, எச்சி28 தாங்கவில்லை. தாங்குகிறதா என்று பார்க்க எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு நிரலில் மெமரிப் பிழைகளை எண்ணும் வரி ஒன்று உண்டு. திரையில் ஒரு புள்ளிகூடப் பிசகாமல் இருக்கும்போதே அந்த எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஓடுவதைப் பார்த்தவர்கள், திரையை நம்பி எல்லையை முடிவு செய்ய மாட்டார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று ஈத்தீரியம் வலையமைப்பு மைனிங்கைக் கைவிட்டதும் கார்டுகளை விற்றுவிட்டேன். வாங்கியவர்களிடம் எது எந்த ரகம் என்பதையும் எழுதிக் கொடுத்தேன்.

மறுமொழி 2

திரையை நம்பி எல்லையை முடிவு செய்யக் கூடாது என்று மேலே சொன்னது ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். இதிலுள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி, அனுப்பிய தரவில் பிழை இருந்தால் அதைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பச் செய்கிறது. கார்டு தொங்குவதில்லை, திரை கெடுவதில்லை. மறுபடி அனுப்புவதில் நேரம் போய் வேகம் மட்டும் சத்தமில்லாமல் குறைகிறது. நான் 1000 கூட்டி ஒரு மாதம் பெருமையாக ஓட்டிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து நூறு நூறாக ஏற்றி ஒவ்வொரு படியிலும் சூப்பர்பொசிஷன் என்ற வேகச் சோதனையின் மதிப்பெண்ணைக் குறித்தேன். 700 வரை ஏறிய மதிப்பெண் 800இல் நின்றது, 900இல் இறங்கியது. அந்த ஒரு மாதமும் ஓவர்கிளாக் செய்யாத கார்டைவிடச் சற்றே மேலான ஒரு கார்டைத்தான் ஓட்டியிருக்கிறேன்.

அதே கார்டில் அந்த எல்லையும் நிலையாக நிற்பதில்லை. மே மாத மதியத்தில், ஏசி இல்லாத அறையில், மெமரி ஜங்ஷன் வெப்பம் (சிப்பின் உட்புற வெப்பம்) 104 டிகிரிக்குப் போனபோது 700 என்பது 500 ஆகச் சுருங்கியது. பிரித்துப் பார்த்தபோது மின்சாரப் பகுதியை ஒட்டியிருந்த இரண்டு சிப்புகளின் மேல் இருந்த தெர்மல் பேட் (வெப்பத்தைக் கடத்தும் மெல்லிய பட்டை), ஹீட் சிங்கைத் தொட்ட தடமே இல்லாமல் வழவழப்பாக இருந்தது. மற்ற எட்டில் சிப்பின் அச்சு ஆழமாகப் பதிந்திருந்தது. சரியான தடிமனில் புதிய பேட் வைத்தபின் வெப்பம் 90க்குக் கீழே வந்தது, 700 திரும்பக் கிடைத்தது. இரண்டு கார்டுகளை ஒப்பிடும்போது சிப்பைப் பற்றியே பேசுகிறோம். பல நேரங்களில் வேறுபாடு அரை மில்லிமீட்டர் பேடில் இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3090இல் 24 மெமரிச் சிப்புகளில் பாதி கார்டின் முதுகுப் பக்கத்தில் இருக்கின்றன என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

மறுமொழி 3

என்னுடையது சிறிய அனுபவம். வேகா 56 கார்டின் எச்பிஎம்2 வகை மெமரி 800 மெகாஹெர்ட்ஸில் வரும், வேகா 64இல் 945. என் 56 எவ்வளவு முயன்றும் 920ஐத் தாண்டவில்லை. 64இன் பயாஸை ஏற்றியதும் மெமரி மின்னழுத்தம் 1.25 வோல்ட்டிலிருந்து 1.35க்கு உயர்ந்தது, அன்றே 1050இல் ஓடியது. என் நண்பருடைய 56இல் ஹைனிக்ஸ் மெமரி இருந்ததால் இந்த வழியை அவருக்கு நான் பரிந்துரைக்கவில்லை; என்னுடையது சாம்சங். எனவே ஒருவர் தம் எல்லையைச் சொல்லும்போது எந்த மின்னழுத்தத்தில் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒப்பிட முடியும்.

தொடக்கப் பதிவர்

அனைவருக்கும் நன்றி. தம்பியின் கார்டுக்குப் பின்னாளில் நடந்ததைச் சொல்லாமல் விட்டிருந்தேன். மேலே உள்ளவற்றைப் படித்தபின் அது முக்கியம் என்று தோன்றுகிறது.

1070இல் எட்டு மெமரிச் சிப்புகள் இருக்கின்றன. எட்டும் ஒரே கிளாக்கில்தான் ஓடியாக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி வேகம் கிடையாது. ஏழு சிப்புகள் 600 தாங்கினாலும் எட்டாவது 400தான் தாங்கும் என்றால் கார்டின் எல்லை 400தான். வண்டியில் பூட்டிய மாடுகளில் நொண்டி மாட்டின் நடைதானே வண்டியின் நடை. சிப்புகளின் எண்ணிக்கை கூடக்கூட அவற்றுள் ஒரு நொண்டி அகப்படும் வாய்ப்பும் கூடுகிறது. கார்டின் முதன்மைச் சிப்பான ஜிபியுவுக்குள் இருக்கும் மெமரி கண்ட்ரோலரும், சிப்புக்குச் செல்லும் தடங்களின் அமைப்பும் இதே கணக்கில்தான் சேரும்.

2021இல் அந்தக் கார்டு ஓவர்கிளாக் இல்லாமலேயே திரையில் கோடுகளைக் காட்டத் தொடங்கியது. பழுது பார்ப்பவர் சோதனை நிரல் ஒன்றை ஓட்டி, பிழைகள் அத்தனையும் ஒரே சிப்பிலிருந்து வருவதைக் காட்டினார். செத்துப்போன வேறொரு 1070இலிருந்து அதே நிறுவனத்தின், அதே ரகச் சிப்பை எடுத்து, வெப்பக் காற்றில் பழையதை இறக்கிவிட்டுப் புதியதை அமர்த்தினார். வீட்டுக்கு வந்ததும் பழைய பழக்கத்தில் மெமரியை ஐம்பது ஐம்பதாக ஏற்றிப் பார்த்தோம். 400 கடந்தது, 450 கடந்தது, 500இல் ஒரு மணி நேரம் நின்றது, 550இல்தான் விழுந்தது. பழைய சிப்பே நொண்டியா, அல்லது அதன் அடியிலிருந்த ஈயப் பற்று முதலிலிருந்தே சரியில்லையா என்று கேட்டேன். இறக்கிய சிப்பை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, அதைத் தன்னால் சொல்ல முடியாது என்றார். சிப் இப்போது தம்பியின் மேசை இழுப்பறையில் இருக்கிறது.