அனிலின் கறுத்துப்போய்விட்டது, தெளிய வைக்க வழி உண்டா?

கேட்டவர்: எம்.எஸ்சி. வேதியியல், இரண்டாம் ஆண்டு

அனிலினிலிருந்து பாலிஅனிலின் என்ற மின்சாரம் கடத்தும் பாலிமர் செய்து, அதன் மின்கடத்துதிறன் அளப்பது என் புராஜெக்ட். அலமாரியில் இருந்த அனிலின் பாட்டிலைத் திறந்தால் பழைய டிகாக்ஷன் மாதிரி கருஞ்சிவப்பு. அவசரத்தில் அப்படியே அமிலத்தில் கரைத்து, ஐஸில் வைத்து, ஆக்சிஜனேற்றியான அம்மோனியம் பெர்சல்ஃபேட் சேர்த்தேன். கரும்பச்சை வர வேண்டியது பழுப்புச் சேறாக வந்தது. பாட்டிலில் இருந்ததில் கரித்தூள் போட்டுக் குலுக்கி வடிகட்டியும் பார்த்தேன், நிறம் இறங்கவே இல்லை. புதுப் பாட்டில் வர மூன்று வாரம் ஆகுமாம். என்ன செய்யலாம்?

பதில்: ஆய்வக உதவியாளர், 22 வருடம்

தம்பி, அதைத் தூக்கிப் போட வேண்டாம். காற்றும் வெளிச்சமும் பட்டால் அனிலின் கறுக்கத்தான் செய்யும். கெட்டது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சமே சாயம் மாதிரி நிறம் ஏற்றுவதால் பாட்டில் முழுக்கக் கெட்டதுபோலத் தெரிகிறது. காய்ச்சி வடித்தால் சரியாகிவிடும்.

100 மி.லி. எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் போட்டு ஓரிரவு மூடி வையுங்கள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கால்சியம் குளோரைடு கூடாது, அது அனிலினோடேயே சேர்ந்துகொள்ளும். மறுநாள் திரவத்தை மட்டும் குடுவையில் சாய்த்து, ஒரு சிட்டிகை துத்தநாகத் தூள் போடுங்கள். சூட்டில் மறுபடி ஆக்சிஜனேற்றம் ஆகாமல் அது பார்த்துக்கொள்ளும்.

கொதிநிலை 184 டிகிரி. சாதாரண அழுத்தத்தில் வடித்தால் ஏர் கண்டென்சர்தான், அதாவது காற்றிலேயே ஆவியை ஆறவிடும் கண்ணாடிக் குழாய்; தண்ணீர் ஓடும் கண்டென்சர் அந்தச் சூட்டில் விரிசல் விடலாம். வேக்குவம் பம்ப் இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன். 10 மி.மீ. பாதரச அழுத்தத்தில் 70 டிகிரி பக்கமே வந்துவிடும். காந்தக் கலக்கி ஓடிக்கொண்டே இருக்கட்டும், இல்லாவிட்டால் திடீரென்று பொங்கி மேலே ஏறும். முடிந்ததும் குடுவை ஆறிய பிறகே காற்றை உள்ளே விடுங்கள்.

முதல் சில மி.லி. கலங்கலாக வரும், ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் வருவது நிறமே இல்லாமல், கண்ணாடியில் எண்ணெய் மாதிரி வழுக்கி இறங்கும். இத்தனை வருடம் கழித்தும் அந்த நேரத்தில் நான் வேறு வேலைக்குப் போவதில்லை, நின்று பார்ப்பேன். குடுவை வறளும்வரை விடாதீர்கள். அடியில் தார்போலக் கொஞ்சம் இருக்கும்போதே நிறுத்துங்கள்.

எல்லாமே ஃபியூம் ஹூடுக்குள், அதாவது ஆவியை வெளியே இழுக்கும் கூண்டுக்குள். அனிலின் தோல் வழியாகவே உடம்புக்குள் போய், ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுக்கும். என்னோடு வேலை பார்த்த ஒருவர், பேன்ட்டில் சிந்தியதை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டார். மதியத்துக்குள் உதடும் நகமும் நீலம் பாய்ந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கையுறையில் பட்டால் அந்த நிமிடமே கழற்றி மாற்றுங்கள்.

பதில்: கல்லூரி ஆசிரியை

கரித்தூள் ஏன் பலிக்கவில்லை என்றால், நேராக அனிலினில் போட்டதால்தான். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த பிறகு போட்டால் நன்றாகவே நிறம் இறங்கும். பி.எஸ்சி. பிள்ளைகள் அசிட்டனிலைடு செய்ய நான் வடிப்பதே இல்லை. அந்தக் கரைசலை வடிகட்டி, அசிட்டிக் அன்ஹைட்ரைடும் சோடியம் அசிட்டேட்டும் சேர்த்தால் வெள்ளைப் படிகம் விழும், உருகுநிலை 114 டிகிரி. உங்கள் வேலைக்கு அது போதாது, அண்ணன் சொன்னபடி வடித்துவிடுங்கள்.

கேட்டவர்

நேற்று வேக்குவத்தில் வடித்தேன். 82 மி.லி. கிடைத்தது. இன்று பீக்கர் முழுக்கக் கரும்பச்சை! ரொம்ப நன்றி அண்ணா, நன்றி மேடம். மீதியை எப்படி வைப்பது?

பதில்: ஆய்வக உதவியாளர்

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஆம்பர் பாட்டிலில் ஊற்றி, மேலே நைட்ரஜன் விட்டு, இறுக்கி மூடி ஆய்வக ஃபிரிட்ஜில் வையுங்கள். வடித்த தேதியை லேபிளில் எழுதுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லாவிட்டால் ஈரம் உள்ளே இறங்கிவிடும்.